பெடல் இல்லாத சைக்கிளும் வருத்தம் பார்க்க வந்த முதலாளியும்

காப்புறுதிக் கம்பனியில் எனக்குப் பின்னால் வந்த பிள்ளைகள் இன்னமும் எனக்குப் போன் எடுப்பார்கள். நான் வெள்ளவத்தைச் சந்தையில் மீனுக்குப் பேரம் பேசிக்கொண்டு நிற்கும் நேரமாகப் பார்த்துத்தான் எடுப்பார்கள். "சேர், பற்றரி சைக்கிளைச் சைக்கிள் எண்டு எழுதுறதா, மோட்டார் வண்டி எண்டு எழுதுறதா?" இதுதான் இப்போது அடிக்கடி வரும் கேள்வி. "முதல்ல போய்ப் பெடலைப் பார்" என்று சொல்லிவிட்டு மீன்காரரிடம் திரும்பிவிடுவேன். கிழவன் பகிடி விடுகிறான் என்று நினைத்திருப்பார்கள். அண்மையில் ஒரு பிள்ளை விடாமல் கேட்டாள், ஏன் பெடல் என்று. போனில் சொல்லி முடிக்க ஏலாமல் போனதை இங்கே எழுதுகிறேன்.

என் வேலை விபத்து விசாரணை. எங்கேயாவது வாகனம் மோதினால், கம்பனி நட்டஈடு கொடுப்பதா இல்லையா என்று தீர்மானிக்க முன்னர் போய்ப் பார்த்து, ஆட்களை விசாரித்து, அறிக்கை எழுதுகிற ஆள். வேலை பழகிய கதை பெரிதாக ஒன்றுமில்லை. முதல் சில வருடங்கள் அளவு நாடாவின் மற்றப் பக்கத்தைப் பிடித்தேன். பிறகு இந்தப் பக்கத்தைப் பிடித்தேன். பதவி உயர்வு என்றால் அவ்வளவுதான்.

என்னைப் பழக்கியவர் ஜுனைதீன் சேர். மாளிகாவத்தைக்காரர், மெல்லிய ஆள், குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. நான் முதன்முதலில் கொண்டுபோய்க் கொடுத்த அறிக்கையில் "வான் அதிவேகமாக வந்தது" என்று எழுதியிருந்தேன். பேனையால் "அதிவேகமாக" என்பதை மட்டும் மெதுவாக வெட்டினார்.

"ஆரு அளந்த?" என்று கேட்டார்.

"பார்த்த ஆக்கள் சொன்னவை சேர்."

"அப்ப பாத்த ஆக்கள் சென்னதா எழுதுங்க. நீங்க பாத்த மாதிரி எழுதாதீங்க."

அதன் பிறகு என் அறிக்கைகளில் பாவம், பரிதாபம், பொறுப்பற்ற, அநியாயமாக என்ற சொற்கள் எல்லாம் செத்துப்போயின. வெளியூரிலிருந்து மனைவிக்குக் கடிதம் எழுதினாலும் அப்படித்தான் வந்தது என்று அவள் இன்றும் சொல்லிக் காட்டுவாள்.

விசாரணைக்கு ஆட்களைக் கூப்பிட்டால் அவருக்கென்று ஒரு முறை இருந்தது. முதலில் எல்லோருக்கும் தேத்தண்ணீர். குடித்து முடியும்வரை விபத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கக்கூடாது. பிறகு ஒரு கேள்வி. அதற்குப் பதில் வரும்வரை அடுத்த கேள்வி இல்லை. பதில் வராவிட்டால் பேசாமல் இருப்பார். அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் நான்தான் பலமுறை இடையில் பாய்ந்திருக்கிறேன். அப்படிப் பாய்ந்தால் அன்றைக்கு முழுவதும் என்னோடு கதைக்க மாட்டார்.

இன்னொரு விதியும் அவரிடம் இருந்தது. காப்புறுதி எடுத்தவர் யாரையாவது மோதிவிட்டு வந்தால் சேர் முதலில் சொல்வது இதுதான்: "ஆஸ்பத்திரிக்குப் போகாதீங்க. போனா வாய் தொறக்கும். வாய் தொறந்தா என்னாலதான் எண்டு வரும். பிறகு கோட்டில அதத்தான் காட்டுவாங்க." கம்பனியின் கணக்கில் அது சரியான புத்தி. ஆனால் காயப்பட்டவர்களின் கட்டிலடியில் போய் நின்று கேட்கிறவன் நானல்லவா? கால் முறிந்தவரும் சரி, கை முறிந்தவரும் சரி, முதலில் என்னிடம் முறையிட்டது காலையோ கையையோ பற்றி அல்ல. "இடிச்ச ஆள் ஒருக்காவாவது எட்டிப் பாத்தவரா?" என்பதுதான் முதல் முறைப்பாடு. எங்கள் ஆட்களுக்குள் பத்து வருடம் முகம் பாராத பங்காளிகூட ஆஸ்பத்திரியில் கிடக்கிறார் என்று கேள்விப்பட்டால் தோடம்பழமும் மோல்ட் சத்துமாப் பக்கற்றும் வாங்கிக்கொண்டு வருவார். அதைத்தான் வருத்தம் பார்ப்பது என்போம். மோதியதை மன்னிப்பார்கள். வருத்தம் பார்க்க வராததை மன்னிக்க மாட்டார்கள்.

நுகேகொடையில் ஒரு கடைக்காரர் எங்கள் புத்தியைக் கேட்டுப் போகாமல் இருந்தார். காயப்பட்டவர் வழக்குப் போட்டார். வழக்கு வருடக்கணக்கில் இழுத்தது. கடைசியில் சமாதானமாகிக் கையெழுத்து வைக்கும்போது அந்த மனிதர் சொன்னார்: "நீங்க ஒரு பிஸ்கட் பக்கற்றோட வந்திருந்தா நான் கோட் வாசல் மிதிச்சிருக்க மாட்டன்." நான் ஜுனைதீன் சேரைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார்.

இனி பெடல் கதைக்கு வருகிறேன். பெற்றோல் எண்ணெய்க்கு வரிசையில் கிடந்த அந்தக் கெட்ட காலத்துக்குப் பிறகுதான் கொழும்பு முழுக்க மின்சாரத்தில் ஓடும் பற்றரி சைக்கிள்கள் பெருகின. நான் ஓய்வுபெறும் காலம் நெருங்கியிருந்தது. ஜுனைதீன் சேர் எனக்கு முன்பே ஓய்வுபெற்றுவிட்டார். ஆனால் கம்பனி அவரை விடாமல் ஒப்பந்தத்தில் வைத்திருந்தது. அப்போது வந்ததுதான் பிலோமினா அக்காவின் விடயம்.

பிலோமினா அக்கா கொட்டாஞ்சேனையில் இருந்தவர். புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் விற்பனை வேலை. காலை முதல் பின்னேரம் வரை நின்றபடி செய்கிற வேலை அது. கணவர் இல்லை. கூடவே இருந்தது நோயாளித் தங்கை ஒருவர். லீவு எடுத்த ஒருநாள் மத்தியானம் கொட்டாஞ்சேனையில் பஸ்ஸால் இறங்கினார். நின்ற பஸ்ஸுக்கும் நடைபாதைக்கும் இடையில் இருந்த சின்ன இடைவெளியால் பற்றரி சைக்கிள் ஒன்று வந்து அவரை அடித்தது. வலது கால் முழங்காலுக்குக் கீழே இரண்டாக முறிந்தது.

"பஸ் எண்டா சத்தம் கேக்கும், ஓட்டோ எண்டா சத்தம் கேக்கும்" என்று ஆஸ்பத்திரி வாட்டில் படுத்தபடி என்னிடம் சொன்னார். "இது ஒரு மூச்சு விடேல்லை தம்பி. சத்தம் கேட்டிருந்தா நான் காலை வைச்சிருப்பனா?"

சைக்கிளை ஓட்டியவர் ரவி. கிராண்ட்பாஸில் குடியிருந்தவர், நாற்பது வயது தாண்டியவர். முன்பு முச்சக்கரவண்டி ஓட்டினார். எண்ணெய் வரிசைக் காலத்தில் அதை விற்றுத்தான் இந்தச் சைக்கிளை வாங்கினார். கொட்டாஞ்சேனையில் மகேந்திரன் என்பவர் நடத்திய சாப்பாட்டுக் கடையிலிருந்து மத்தியானச் சோற்றுப் பார்சல்களைத் துறைமுகப் பக்கத்து அலுவலகங்களுக்குக் கொண்டுபோவதுதான் வேலை. பிழை தன்னுடையது என்று பொலிசிலும் நீதிமன்றத்திலும் ஒப்புக்கொண்டு தண்டமும் கட்டிவிட்டார். நின்ற பஸ்ஸின் இடது பக்கத்தால் வெட்டிப் போனால் வேறு என்ன சொல்ல முடியும்? ஆனால் தண்டம் அரசாங்கத்துக்குப் போகும். பிலோமினா அக்காவின் காலுக்குப் போகாது. காலுக்குள் தகடு வைத்திருந்தார்கள், இன்னொரு சத்திரசிகிச்சை இருந்தது. துணிக்கடை முதலாளி வேறு ஆள் பார்க்கப்போவதாகச் சொல்லியனுப்பிவிட்டார். ரவியிடம் வழக்குப் போட்டு வாங்குவதற்கு அந்தச் சைக்கிளைத் தவிர வேறொன்றுமில்லை.

மகேந்திரனின் கடைக்கு எங்கள் கம்பனியில் பொறுப்புக் காப்புறுதி இருந்தது. கடை வேலையால் வெளியாள் யாருக்காவது காயம் ஏற்பட்டால் நாங்கள் கொடுக்கவேண்டும். பார்சல் கொண்டுபோகும் துவிச்சக்கரவண்டியும், அதாவது மிதிக்கிற சைக்கிளும், அதற்குள் அடங்கும். மோட்டார் வண்டி அடங்காது, அதற்கு வேறு காப்புறுதி எடுக்கவேண்டும். அந்த நிபந்தனைகளை எழுதிய மகான்கள் பற்றரி சைக்கிளைக் கனவிலும் கண்டிருக்க மாட்டார்கள். சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். கடைசியில் எங்கள் கம்பனி தனக்கென்று ஒரு முடிவு எடுத்து வைத்திருந்தது. பெடல் மிதித்தும் ஓடலாம் என்றால் அது சைக்கிள். பற்றரியால் மட்டுந்தான் ஓடும் என்றால் அது மோட்டார் வண்டி.

பொலிஸ் விடுவித்த சைக்கிளைக் கடையின் பின்புறத்தில் போய்ப் பார்த்தேன். பெடல் இரண்டும் இருந்தன. சைக்கிளே தூசியும் கறிக் கறையுமாக இருக்க, பெடல்கள் மட்டும் கல்யாணத்துக்குப் போகிற மாதிரிப் பளபளத்தன. குந்தியிருந்து கையால் சுற்றிப் பார்த்தேன். வலது பக்கம் சரியாகச் சுற்றியது. இடது பக்கம் கோணலாக ஆடியது. சைக்கிளின் இடது பெடலுக்குப் புரி மறுபக்கமாகச் சுற்றும். அது தெரியாத ஒருவர் அவசரத்தில் வழமையான பக்கத்துக்கே முறுக்கிப் புரியைத் தின்ன வைத்திருந்தார். அப்படி ஆடுகிற பெடலில் மிதித்தால் சந்தி வரைக்கும் போக ஏலாது. விபத்துக்குப் பிறகுதான் பூட்டியிருக்கிறார்கள்.

ரவியைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவர் சுற்றி வளைக்கவில்லை.

"கழட்டித்தான் ஓட்டுனேன் சேர். ரெண்டு பக்கமும் சொதிப் பை தொங்கும். பெடல் பட்டுப் பட்டு பை ஒடையுது. ஒபிஸ்ல ஏசுறாங்க. முதலாளிதான் கழட்டச் சொன்னாரு. இப்ப திருப்பிப் பூட்டுனதும் அவரு ஆள் வச்சுத்தான்."

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. சைக்கிளின் இரண்டு பக்கமும் சொதியின் மஞ்சள் கறை அப்படியே இருந்தது. ஒரு மனுசியின் காலுக்கு நட்டஈடு கிடைக்குமா இல்லையா என்பதைத் தேங்காய்ப்பால் சொதி தீர்மானிக்கிறது என்று நான் எந்தப் பயிற்சியிலும் படிக்கவில்லை. உள்ளதை உள்ளபடி எழுதினேன். கம்பனி கைகழுவும் என்று தெரிந்தே எழுதினேன்.

ஆனால் அதே பெடலுக்கு இன்னொரு பக்கமும் இருந்தது. மகேந்திரன் தொடக்கத்திலிருந்து சொல்லிவந்தது, "ரவி என்ர வேலையாள் இல்லை, ட்ரிப்புக்குக் கூலி வாங்கிற வெளியாள், சைக்கிளும் அவற்ர" என்பது. ஒருவருடைய சைக்கிளில் பெடலைக் கழற்று என்று கட்டளையிட்டு, அவரும் மறுபேச்சில்லாமல் கழற்றினால், அவர் வெளியாளா? கட்டளையிட்டவர்தான் எசமான். எசமான் என்றால் வேலையாள் செய்த பிழைக்கு அவர் பொறுப்பு. கம்பனி கொடுக்காவிட்டாலும் மகேந்திரன் தன் சொந்தப் பொறுப்பில் கொடுத்தாகவேண்டும். ஆகவே எல்லாம் ஒரு கேள்வியில் வந்து நின்றது. கழற்றச் சொன்னது யார்? ரவி, முதலாளி என்றார். மகேந்திரன், நான் இல்லை என்றார். கேட்ட சாட்சி வேறு யாருமில்லை என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

பிலோமினா அக்காவின் வீட்டுக்கு வாக்குமூலத்தை முடிக்கப் போனபோது, வழமையாகக் கேட்பதுபோல, யாராவது வருத்தம் பார்க்க வந்தார்களா என்று கேட்டேன்.

"கடை முதலாளி வந்தவர். பழம், மோல்ட் எல்லாம் கொண்டந்தவர். கட்டிலடியில நிண்டு கண்கலங்கிப் போனார் மனுசன்." பிறகு முகம் மாறியது. "இடிச்சவன்தான் இண்டைக்கு வரைக்கும் வரேல்லை. அவன்ர முகத்திலயும் முழிக்க மாட்டன்."

"முதலாளி ஏதும் சொன்னவரோ?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு விளங்கிவிட்டது.

"அக்கா, பெடலைப் பற்றி ஏதும் சொன்னவரோ?"

"தம்பி, அது வருத்தம் பார்க்க வந்த இடத்தில கதைச்ச கதை. மனசு கேளாமல் வந்து சொன்ன மனுசனை நான் பேப்பரில எழுதிக் காட்டிக்குடுக்கிறதோ? அவர் கொண்டந்த பழத்தையும் சாப்பிட்டிட்டன்."

"உங்கட காலுக்காக அக்கா."

"கால் என்ரதானே."

எனக்குச் சரியான கோபம் வந்தது. வாடகை இரண்டு மாதம் பாக்கி, வேலை போகப்போகிறது, இந்த மனுசி தோடம்பழத்துக்கு விசுவாசம் காட்டிக்கொண்டிருக்கிறார். படியிறங்கி வரும்போது வாய்விட்டே ஏசினேன். ஆனால் அவர் சொல்லாததை நான் எழுதவும் முடியாது. ஜுனைதீன் சேரிடம் போய்ச் சொன்னபோது அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

பிலோமினா அக்காவின் சட்டத்தரணி ஓர் இளம்பெண். வழக்குக்குப் போக முன் எல்லோரும் ஒரு முறை கூடிக் கதைப்போம் என்று கேட்டு எழுதினார். எங்கள் கம்பனியின் மாடியில், ஜுனைதீன் சேரின் அறையில் கூட்டம் வைத்தோம். லிஃப்ட் வேலை செய்யவில்லை. பிலோமினா அக்காவைக் காவலாளிகள் இருவர் கதிரையோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். மகேந்திரன் தன் சட்டத்தரணியோடு வந்தார். ரவி கதவடியிலேயே நின்றார். ஜுனைதீன் சேர் எழும்பிப்போய் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு அவரை இருத்தினார். பிறகு வழமைபோலத் தேத்தண்ணீர்.

கோப்பைகளை எடுத்துச் சென்றபின் சேர் தொடங்கினார். "இது மோட்டார் வண்டிக் கணக்கு. அடிபட்ட நேரம் பெடல் ஈக்கல்ல. எங்கட கம்பனி குடுக்காது. அது முடிஞ்ச கதை. பெடலக் கழட்டச் சென்னது ஆரு?"

"முதலாளி" என்றார் ரவி.

"நான் அப்பிடி ஒரு வசனம் சொல்லேல்லை" என்றார் மகேந்திரன். "இவர் தன்ர பிழையை என்ர தலையில கட்டப் பாக்கிறார்." குரல் பிசகவில்லை. சட்டையின் மேல் பொத்தானைத் திறந்து பூட்டிக்கொண்டிருந்தார்.

பிலோமினா அக்காவின் காதில் அந்த இளம் சட்டத்தரணி குனிந்து ஏதோ கேட்டார். அவர் தலையை ஆட்டி மறுத்தார். சட்டத்தரணி மீண்டும் கேட்டார். மீண்டும் மறுத்தார். ஜுனைதீன் சேர் பேசாமல் இருந்தார். நான் பாயாமல் இருக்கக் கதிரைக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"சேர், நான் முதலாளியிட்ட ஒண்டு கேக்கலாமோ?" என்றார் பிலோமினா அக்கா.

"கேளுங்க."

அவர் மகேந்திரன் பக்கம் திரும்பினார். "முதலாளி, நீங்க ஆஸ்பத்திரியில சொன்னது ஒண்டையும் நான் இஞ்ச சொல்லமாட்டன். பயப்பிடாதேங்கோ. நீங்க என்னைப் பாக்க வரவே இல்லை எண்டு மட்டும் ஒருக்காச் சொல்லுங்கோ. சொன்னா நான் கேசை விட்டிட்டு இப்பவே எழும்பிப் போறன்."

இளம் சட்டத்தரணி அதிர்ந்துபோய் அவர் தோளைப் பிடித்தார். இருந்த ஒரேயொரு பிடியையும் இந்த மனுசி எதிர்த்தரப்பின் கையில் தூக்கிக் கொடுக்கிறாரே என்று நினைத்தேன்.

"பதில் சொல்லத் தேவையில்லை" என்றார் மகேந்திரனின் சட்டத்தரணி.

ஒரு சின்னச் சொல். இல்லை என்றால் போதும். பெடலைப் பற்றி அவ்வளவு நேரமும் நாக்குப் புரளாமல் பொய் சொன்ன மனிதர் அவர். ஆனால் வருத்தம் பார்க்கப் போனதை, போன இடத்துக் கட்டிலில் கிடந்தவரின் முகத்தைப் பார்த்து, போகவில்லை என்று சொல்ல அவரால் முடியவில்லை. வாயைத் திறந்தார், மூடினார். ஜுனைதீன் சேர் அசையவே இல்லை.

"வந்தனான்" என்றார் கடைசியில்.

சட்டத்தரணி அவர் கையைப் பிடித்தார். அவர் கையை உதறினார். "வந்தனான். வந்து சொன்னனானும்தான். நான்தான் கழட்டச் சொன்னது, சேர். சொதி ஊத்துப்பட்டுக் கஸ்ரமர் போகுதெண்டு ஏசிக் கழட்டச் சொன்னனான். பூட்டுவிச்சதும் நான்தான்."

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் எழுத்து வேலை. சத்திரசிகிச்சைச் செலவும், கால் ஊன்றி வேலைக்குப் போகும்வரை சம்பளமும் தன் பொறுப்பு என்று மகேந்திரன் கையெழுத்து வைத்தார். தவணையாகக் கட்ட ஒப்புக்கொண்டார், பின்னால் தவறாமல் கட்டவும் செய்தார். எங்கள் கம்பனிக்கு ஒரு சதமும் செலவில்லை. அதற்காக மேலிடம் என்னைப் பாராட்டியது. அந்தப் பாராட்டை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

மகேந்திரன் போய்விட்டார். காவலாளிகள் சாப்பாட்டுக்குப் போயிருந்தார்கள். பிலோமினா அக்கா ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு மெல்ல எழும்பினார். ரவி அவசரமாக எழுந்து வழிவிட்டு, சுவரோடு ஒட்டி நின்றார். அவரைக் கடந்து போனவர் நின்று திரும்பினார். ஏசப்போகிறார் என்றுதான் நான் நினைத்தேன்.

"தம்பி, அந்த மனுசன் வந்தவர். நீங்க ஏன் ஒருநாளும் வரேல்லை?"

ரவி நிலத்தைப் பார்த்தார். "வந்தேன் அக்கா. ஆஸ்பத்திரி கேட் வரைக்கும் வந்தேன். மூணு நாலு தரம் வந்தேன். அந்த வேலையும் நின்னுபோச்சு. கையில ஒண்ணும் இல்ல. வெறுங்கையோட எப்படி அக்கா உள்ள வர்றது?"

பிலோமினா அக்கா அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். அத்தனை நாளும் நான் பார்க்க ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத மனுசி. சேலைத் தலைப்பை எடுத்து முகத்தை அழுந்தத் துடைத்தார்.

"விசர்ப் பிள்ளை" என்றார். "சரி, வெறுங்கைதானே. அதைத் தாங்கோ, படியிறங்க வேணும்."